கற்பூர டின்னுக்குள் ஆறு அச்சுகள்

2024 செப்டம்பர் 18, புதன்

இன்றைக்கும் கூர் மடங்கிவிட்டது. உலர்த்தும் பெட்டியிலிருந்து எடுத்தபோது நுணுக்குக்காட்டியில் நூறு ஊசியும் நிமிர்ந்து நின்றன. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பாதி ஊசிகள் தலை குனிந்து நிற்கின்றன. கொழும்புக் காற்றில் இருக்கிற ஈரம் என் ஆராய்ச்சிக்கு என்றே படைக்கப்பட்டது போலும். நாளைக்கு மறுபடி ஊற்ற வேண்டும்.

பின்னேரம் லிஃப்டில் எட்டாம் மாடி அன்ரி பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னதான் செய்கிறாய் என்று. விரல்நகம் அளவு பிளாஸ்டர், அதில் ஒரு மில்லிமீற்றர் கூட உயரமில்லாத நூறு ஊசி, தோலில் அழுத்தினால் நோகாமல் மருந்து உள்ளே போகும் என்றேன். அது சரி, அதில் உன் வேலை என்ன என்றார். பிளாஸ்டர் நாள் முழுக்கத் தோலில் இருக்கும், நம்முடைய வெக்கைக்கு அதன் கீழே வியர்க்கும், ஊசி குத்திய துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போய்விடக்கூடாது, அதனால் ஊசிகளுக்கு மேலே கிருமி வளரவிடாத ஒரு பூச்சு — இதற்குள் ஆறாம் மாடி வந்துவிட்டது. "ஊசிக்குச் சட்டை தைக்கிறன் அன்ரி" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சட்டைக்குத் துணி: இறால் கோதிலிருந்து எடுத்த சத்து, அதற்குள் துளி வெள்ளி. தைத்துத் தைத்து மூன்று வருடம் ஆகிறது.

செப்டம்பர் 23, திங்கள்

எங்கள் ஆய்வுகூடத் தலைவி மாக்ரெட் மிஸ் இன்று கூப்பிட்டுக் கதைத்தார். கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நவம்பர் முடிவுக்குள் பூச்சுப் போட்ட ஊசிக்கும் போடாத ஊசிக்கும் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் இரண்டாம் கட்டம், இன்னும் இரண்டு வருடம். காட்டாவிட்டால் திட்டம் மூடப்படும். என்னுடைய சம்பளமில்லா லீவு டிசம்பரோடு முடிகிறது, ஆகவே ஜனவரியில் பத்தாம் வகுப்பு விஞ்ஞானம்.

பிள்ளைகளைப் பிடிக்காமல் இல்லை. பன்னிரண்டு வருடம் படிப்பித்தவள். ஆனால் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, யாருக்கும் தெரியாத ஒன்றை முதலில் பார்க்கிற ருசி பிடித்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில் பிடிக்க வேண்டிய ருசியா இது? ஓம், எனக்கு வேண்டும். எழுதியே வைக்கிறேன். எனக்கு இந்த வேலை வேண்டும்.

செப்டம்பர் 24

மழை. கூர் மடங்கிற்று.

அக்டோபர் 7, திங்கள்

புது அச்சுகள் ஆறும் தயார். சிலிக்கோன் றப்பரில் நானே ஊற்றியவை. மருந்துக் கரைசலை இந்த அச்சில் ஊற்றிக் காயவிட்டு உரித்தால் பிளாஸ்டர். பழைய அச்சுகளில் குழிகளின் நுனி தேய்ந்திருந்தது. கூர் மடங்கியதற்குப் பாதிக் காரணம் அதுதான். பாவம், கொழும்புக் காற்றை வீணாகத் திட்டினேன். புதியவை கண்ணாடி மாதிரி. இனி இரண்டு கிழமைக்குக் கரைசல் வேலை, அச்சுகளுக்கு ஓய்வு.

புவாத் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்த ஆறுலயும் வராட்டி நாங்க ரெண்டு பேரும் கிராண்ட்பாஸ்ல பராட்டாக் கடை போடுவோம்" என்றான். அவன்தான் எங்கள் கிருமிப் பொறுப்பாளன். ஏகார் கூழ்த் தட்டில் பற்றீரியாவைப் பரப்பி, மேலே என் பிளாஸ்டரை வைப்பான். பூச்சு வேலை செய்தால் பிளாஸ்டரைச் சுற்றிப் பற்றீரியா வளராமல் ஒரு தெளிந்த வளையம் தெரியும். பூச்சில்லாத பிளாஸ்டரைச் சுற்றி வளையம் வரக்கூடாது. அவ்வளவுதான் சோதனை. மூன்று வருடத்தை இரண்டு வரியில் எழுதலாம் என்றால் எவ்வளவு கேவலம்.

அக்டோபர் 9, புதன்

யாருக்கும் சொல்லக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன். இந்தக் கொப்பிக்கு மட்டும்.

நவராத்திரியின் கடைசி மூன்று நாளும் மாமி (ராகுலனின் அம்மா) சரஸ்வதி படத்துக்கு முன்னால் வீட்டிலுள்ளவர்களின் படிப்புச் சாமான்களை வைப்பார். விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. போன வருடங்களில் என் பாடப் புத்தகம். என் கணவர் ராகுலன் தன் கல்குலேட்டரை வைப்பார் (ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டில் வேலை, தன் படிப்பு அதுதான் என்பார்). இந்த வருடம் மாமி என்ன வைக்கப்போகிறாய் என்று கேட்டபோது, நான் கைப்பையிலிருந்து அச்சுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு காரணம் சொல்லி என்னையே ஏமாற்ற மாட்டேன்.

நான் விஞ்ஞானம் படித்தவள்தான். நவம்பர் முடிவும் எனக்குத்தான் வருகிறது.

மாமி பெட்டியைத் திறந்து ஆறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்குள்ளயோ பிள்ளை உன்ர மூண்டு வரியமும்?" என்றார். பிறகு, இப்படி வெளியே வைத்தால் எறும்பு வரும் என்று, கற்பூரமும் சாம்பிராணியும் வைக்கிற பிஸ்கட் டின்னுக்குள் அவற்றை அடுக்கி, மூடி, டின்னோடு தூக்கிச் சரஸ்வதியின் காலடியில் வைத்தார்.

அக்டோபர் 12, சனி — விஜயதசமி

டின் திறக்கப்பட்டது. அவல், கடலை. மாமி அச்சுப் பெட்டியின் மூடியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். திங்கட்கிழமை பஸ்ஸில் கைலேஞ்சியால் துடைத்துவிட வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

நிமிர்ந்து நிற்கின்றன. அறுநூறும். ஆறு அச்சிலும் ஒரு ஊசிகூட மடங்கவில்லை. மாக்ரெட் மிஸ் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தோளைத் தட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. இந்த நாட்களில் உலர்த்தும் பெட்டியைத் திறந்தாலே மனது அமைதியாகிறது. வீட்டில் இருப்பது போல இருக்கிறது. வேலை சரியாக நடந்தால் மனிதருக்கு இப்படித்தான் இருக்கும் போல.

அக்டோபர் 24, வியாழன்

வளையம்! பூச்சுப் போட்ட ஊசியைச் சுற்றி அகலமான, கண்ணுக்கு நேரே தெரிகிற வளையம்.

பூச்சுப் போடாததைச் சுற்றியும் வளையம்.

அக்டோபர் 28, திங்கள்

மறுபடி செய்தோம். அதே கதை. வெறும் ஊசியும் பற்றீரியாவை வளரவிடவில்லை. அப்படியென்றால் என் பூச்சு எதற்கு? வித்தியாசத்தைக் காட்டச் சொன்னார்கள், எனக்கு ஒற்றுமை வந்திருக்கிறது.

மாக்ரெட் மிஸ் நேராகப் புவாத்திடம் போனார். போன மாதம் வேறொரு வேலைக்காக அவன் கிருமிகொல்லி மருந்து கலந்த தட்டுகள் ஊற்றியிருந்தான். அவற்றில் சில இதற்குள் கலந்துவிட்டனவா என்று கேட்டார். இல்லை என்றான். மிஸ் கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். அவனுடைய ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, மேற்படிப்புக்கு மிஸ்ஸின் கடிதம் வேண்டும். அதற்குப் பிறகு அவன் பராட்டாக் கடை பற்றிக் கதைக்கவில்லை.

போகும்போது கதவடியில் நின்று சொன்னான்: "என்ட கையில பிழை இல்ல டீச்சர். நீங்களாவது நம்புங்க." நம்புகிறேன் என்றேன். நம்பினேனா? பாதி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பாதிதான்.

அக்டோபர் 30

புதிய தட்டுகள், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே வளையம். புவாத் மதியம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 31, வியாழன் — தீபாவளி

நான் ஒரு மடைச்சி.

காலையில் குளித்து, புதுச் சீலை உடுத்தினேன். மாமி பூசைக்குக் கற்பூரம் எடுத்துத் தரச் சொன்னார். பிஸ்கட் டின்னைத் திறந்தேன். முகத்தில் வந்து அடித்தது — உலர்த்தும் பெட்டி. ஆய்வுகூடத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு வருகிற அந்த அமைதி. அது அமைதி இல்லை, கற்பூரம்!

டின்னைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சிலிக்கோன் றப்பர் வாசனைச் சாமான்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். முதல் வருடமே படித்தது, என் கையாலேயே குறிப்பெடுத்தது. மூன்று நாள், மூடிய டின், இரண்டு பாக்கெட் கற்பூரம். அச்சு உறிஞ்சியதை ஊசி எடுத்திருக்கிறது, ஊசியிலிருந்து தட்டுக்குப் போயிருக்கிறது. பற்றீரியாவுக்குக் கற்பூரம் பிடிக்காது. முகக்கவசத்தோடு வேலை செய்கிற புவாத்துக்கு மணக்கவில்லை. எனக்கு மணந்தது, ஆனால் என் வீடே அந்த மணம்தானே.

மாமி பின்னால் நின்று "என்ன பிள்ளை, கற்பூரம் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். இல்லை மாமி, நிறைய இருக்கிறது என்றேன்.

நவம்பர் 1, வெள்ளி

சொல்லாமல் விடலாம். புது அச்சு ஊற்றினால் போதும். அடுத்த முறை வெறும் ஊசிக்கு வளையம் வராது. புவாத் இப்போதுதான் கவனமாகச் செய்கிறான் என்று எல்லோரும் நினைப்பார்கள். மிஸ்ஸும்.

அதுதான் பிரச்சினை. அப்படித்தான் நினைப்பார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

ராகுலனிடம் சொன்னேன். கடற்கரையில் ரயில் பாதையோரம் நடந்துகொண்டிருந்தோம். முதலில் சிரித்தார், பாதையோரக் கல்லில் இருந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். ஆய்வுகூட அச்சைப் பூசையில் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது, மூன்று வருடமாக நான் கட்டின மரியாதையெல்லாம் போய்விடுமே என்றேன். இனி என்னிடம் யார் ஒரு திட்டத்தைத் தருவார்கள்?

"உமக்கு மரியாதை போகும், அவ்வளவுதான். அவனுக்கு வேலை போகும்" என்றார் ராகுலன்.

இப்படி நேராகச் சொல்கிற மனிதனைத்தான் கட்டினேன் என்று நேற்றுவரை குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். வறுத்த கச்சான் கடலை ஒரு சரை வாங்கித் தந்தார். முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலைக் கூட்டத்தில், எல்லோரும் இருக்கும்போது. புவாத்தைக் கேட்டது எல்லோருக்கும் முன்னால் என்றால் இதுவும் எல்லோருக்கும் முன்னால்தான். நவராத்திரி, டின், கற்பூரம் எல்லாம். என் குரல் எனக்கே வகுப்பில் வீட்டுவேலை செய்யாத பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது.

மாக்ரெட் மிஸ் எழுந்துபோய் அச்சுப் பெட்டியை எடுத்துவந்தார். முகக்கவசத்தை இறக்கி மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஆரணி, நான் கொட்டாஞ்சேனைக்காரி. அந்த ஃப்ரிட்ஜில அந்தோனியார் படம் ஒட்டியிருக்கிறது நான்தான், பன்னிரண்டு வருஷமா. ஆனா வெளியில ஒட்டியிருக்கிறன். உள்ளுக்கு இல்ல."

பிறகுதான் சிரித்தார். சிரித்து, கண்ணைத் துடைத்து, சட்டென்று நிறுத்தினார். புவாத்தின் பக்கம் திரும்பினார். "நான் உங்களைக் கேட்ட விதம் பிழை. எல்லாருக்கும் முன்னால கேட்டனான், எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேட்கிறன்" என்றார்.

புவாத் தலையை மட்டும் ஆட்டினான். அரை மணித்தியாலம் கழித்து, நான் தட்டுகளைக் கழுவப் போன இடத்தில் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீங்க சொல்லாம உட்டிருக்கலாம் டீச்சர்."

தெரியும் என்றேன். அவன் பைப்பை மூடினான். "ஏழு நாள் நான் தூங்கல்ல. அதுக்கு உங்கட மாமி ஒரு டின் பருத்தித்துறை வடை தரணும். கற்பூர டின் இல்ல, வேற டின்."

கழிப்பறைக்குள் போய் அழுதேன். நல்ல அழுகை. இப்படி ஒரு அழுகை அழுது எவ்வளவு காலம்.

நவம்பர் 5, செவ்வாய்

மாமியிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். அவர் மனம் நோகும், தன்னால் வந்தது என்று சாப்பாட்டை விட்டுவிடுவார் என்று பயம். ஆனால் வடை கேட்கிறார்களே, காரணம் சொல்லாமல் எப்படி? சொன்னேன். உளுந்து ஊறப்போட்டுக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் முடித்ததும் கையை உதறிவிட்டு:

"அப்ப கற்பூரம் கிருமியைக் கொல்லுது எண்டு உங்கட மெசினே சொல்லிப்போட்டுது?"

ஓம் மாமி, ஆனால் —

"அது போதும்."

இரவுச் சாப்பாட்டுக்குள் எட்டாம் மாடி அன்ரிக்கு விசயம் போய்விட்டது. கடையில் எனக்குத் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நவம்பர் 7, வியாழன்

புவாத்தின் யோசனை: கற்பூரம்தான் காரணம் என்று நாம் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். புது அச்சு பன்னிரண்டு ஊற்றினோம். ஆறைக் கற்பூரத்தோடு மூடி மூன்று நாள், ஆறை வேறு அறையில் கண்ணாடிப் பெட்டியில். கற்பூரம் மாமியின் அன்பளிப்பு. எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் எழுதிவைக்கச் சொன்னார். வடை டின்னும் போனது, பதினொரு மணிக்கு வெறும் டின்னாகிவிட்டது. மாக்ரெட் மிஸ் மட்டும் ஏழு.

நவம்பர் 15, வெள்ளி — போயா

பௌர்ணமி லீவு. ராகுலன் வத்தளையில் சிநேகிதர் வீட்டுக்குப் போவோம் என்றார். போனேன், ஆனால் மனம் முழுக்கத் தட்டில். சோற்றுக் கோப்பையின் விளிம்பைப் பார்த்தாலும் வளையம் தெரிகிறது.

நவம்பர் 20, புதன்

எழுதுகிறேன், மெதுவாக எழுதுகிறேன்.

கற்பூர அச்சு, வெறும் ஊசி: வளையம்.
சுத்தமான அச்சு, வெறும் ஊசி: ஒன்றுமில்லை. தட்டு முழுக்கப் பற்றீரியா, பிளாஸ்டரின் ஓரம் வரை.
சுத்தமான அச்சு, என் பூச்சு: வளையம்.

முதலில் வந்த அளவு அகலம் இல்லை. அதில் பாதி கற்பூரத்தின் புண்ணியம். இது சின்ன வளையம், ஆனால் என்னுடையது. இறால் கோதினதும் வெள்ளியினதும் என்னுடையதும். அளவுகோலை வைத்து அளந்தது புவாத். பூச்சுப் போட்டது ஒன்பது தட்டு, ஒன்பதிலும் வளையம். கடைசித் தட்டை அளந்துவிட்டு அளவுகோலை என் கையில் தந்தான், "நீங்களும் அளங்க டீச்சர், பொறகு என்ட கையைச் சொல்லக்கூடாது" என்றான். நானும் அளந்தேன். அதே நான்கு மில்லிமீற்றர்.

பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழும்பி வேறு சீற்றுக்குப் போனார்.

நவம்பர் 29, வெள்ளி

இரண்டாம் கட்டம் கிடைத்தது. இரண்டு வருடம். புவாத்தும் அதில்.

2025 ஜனவரி 6, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தேன். அதிபர் கவலையாகப் பார்த்தார். வெளியே வரும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர், மிஸ் நீங்கள்தானே கற்பூர மிஸ் என்று கேட்டார். இந்த ஊரில் ஒன்றையும் ஒளிக்க ஏலாது.

ஏப்ரல் 2

ஆய்வுகூடத்தின் சுவரில் புது விதி, மூன்று மொழியிலும், புவாத்தின் கையெழுத்தில்: அச்சுகளை வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசனைப் பொருட்களுக்கு அருகில் வைக்கக் கூடாது. தமிழில் மட்டும் ஒரு வரி கூடுதல் — விசேட நாட்களிலும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கட்டுரை ஏற்கப்பட்டது. சிலிக்கோன் அச்சு கற்பூரத்தை உறிஞ்சுவது பற்றித் தனியாக ஒரு பந்தி. திருத்தம் கேட்டவர்களுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. நன்றி சொல்லும் இடத்தில் கடைசிப் பெயர்: திருமதி இரத்தினம்மா இராசரத்தினம், வெள்ளவத்தை. மாக்ரெட் மிஸ்தான் போடச் சொன்னார். வீட்டில் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டு ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார். "அவருடைய பேரும் வந்திருக்கு" என்றார், மாமாவின் பெயரைத் தொட்டு. பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபர் 1, புதன் — சரஸ்வதி பூசை

அச்சுகள் ஆய்வுகூடத்தில், கண்ணாடிப் பெட்டியில். இந்த வருடம் நான் வைத்தது கட்டுரையின் அச்சுப் பிரதி. ராகுலனின் கல்குலேட்டருக்குப் பக்கத்தில்.

பின்னேரம் புவாத் வந்தான், மிஸ் கொடுத்துவிட்ட கேக்கோடு. தன் மேற்படிப்புப் பதிவுக் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தான், மாமிக்குக் காட்ட. மாமி அவனை முன்னறையில் இருத்தி வடை கொடுத்தார். தனி டின்.

பூசை தொடங்கியது. தேவாரம் முடிந்து தீபம் காட்டுகிற நேரம். நெய்த்திரி மட்டும் எரிகிறது. கற்பூரத் தட்டைக் காணவில்லை. பிஸ்கட் டின்னையும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் அது பல்கனியில், கதவுக்கு வெளியே, மேலே செங்கல்லும் வைத்திருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடம். மாமி கற்பூரம் காட்டாமல் ஒரு பூசை முடித்து நான் கண்டதில்லை.

ஏன் மாமி என்று மெல்லக் கேட்டேன்.

அவர் தீபத்தைக் கட்டுரையின் மேலே ஒருமுறை சுற்றிக் காட்டினார். "பேப்பர் உறிஞ்சிப்போடும் பிள்ளை" என்றார். "உன்ர கணக்குப் பிழைச்சுப்போகும்."

முன்னறையில் வடை கடிபடுகிற சத்தம் நின்றது. புவாத் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், சொல்லாதே என்று. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.